அந்த அளவு யாருடையது?

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். கேட்டவர் கட்டடக்கலை இறுதியாண்டு மாணவர். திட்ட வேலைக்கு முதியோர் இல்லம் எடுத்திருக்கிறார். வெவ்வேறு மொழி, மதம், தொழில் பின்னணி கொண்ட அறுபது பேர் தங்கும் இடம். வரைபடத்தைப் பார்த்த வழிகாட்டி, "மனித வேறுபாட்டையும் பண்பாட்டையும் கணக்கில் எடுக்கவே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். எப்படி எடுப்பது, எந்தப் பண்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் ஏதாவது உண்டா என்று கேட்கிறார்.

நீங்கள் கேட்டது பட்டியல். ஆனால் உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று தோன்றுகிறது. நம்முடைய உடம்பும் பழக்கமும் இல்லாத ஒருவருக்கு நாம் எந்தத் தைரியத்தில் வரைகிறோம்? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். மருத்துவமனை, விடுதி, குடியிருப்பு என்று இருபத்திரண்டு வருடமாக வரைந்து வருகிறேன். மானுடவியல் படித்தவன் இல்லை. அதனால் உறுதியாக நிற்பது எது, அறிஞர்களே இன்னும் அடித்துக்கொள்வது எது என்று பிரித்துச் சொல்கிறேன். பட்டியல் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இருக்கிறது என்று யாராவது நீட்டினால் சந்தேகப்படுங்கள்.

உடம்பிலிருந்து தொடங்குவோம், உறுதியாகத் தெரிந்தது இங்கேதான் அதிகம். 1950-இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அவற்றில் உயரம், மார்புச் சுற்று, கை நீளம் என்று பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியை ஒட்டி வருபவர்கள் எத்தனை பேர் என்று தேடினார். சராசரி என்பதைக் கறாராகவும் வைக்கவில்லை, நடுவில் உள்ள 30 விழுக்காட்டுக்குள் வந்தால் போதும் என்று வைத்தார். ஒருவர்கூட வரவில்லை. இத்தனைக்கும் அவர்கள் உடல்தகுதி பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள், எல்லாரும் ஆண்கள். விமானி அறை அதுவரை அந்த இல்லாத ஆளுக்காகத்தான் செய்யப்பட்டிருந்தது. இருக்கை, மிதி, பட்டை எல்லாம் நகர்த்திக்கொள்ளும்படி மாறியது அதற்குப் பிறகுதான்.

இந்தக் கதையை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம் மேசையில் கிடக்கும் அளவுக் கையேடுகளுக்கும் இதே வியாதி உண்டு. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கோர்பூசியே, மனித உடம்பை வைத்துக் கட்டட அளவுகளைத் தீர்மானிக்கும் தன் மாடுலர் அளவுமுறையை முதலில் 1.75 மீட்டர் உயரமுள்ள ஓர் ஆணை வைத்துத்தான் ஆரம்பித்தார். கணக்கு சரியாக உட்காரவில்லை. ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் பார்க்க நன்றாக இருக்கும் போலீஸ்காரர் எப்போதும் ஆறடிதானே என்று யாரோ சொல்ல, 1.83 மீட்டருக்கு ஏற்றிவிட்டார்கள். அந்த ஆறடி மனிதன் கையைத் தூக்கினால் 2.26 மீட்டர். மார்செய் நகரில் அவர் கட்டிய அடுக்ககத்தின் கூரை உயரம் அங்கிருந்து வந்தது. பெண்ணோ குழந்தையோ முதுகு வளைந்த கிழவரோ அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஓர் எண் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் அதற்குள் யாரோ ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார் என்பதற்காகச் சொல்கிறேன்.

எண்ணுக்குள் உடம்பு மட்டும் நிற்பதில்லை, பழக்கமும் நிற்கிறது. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பிராங்க்பர்ட் சமையலறை. 1926-இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகருக்காக வடிவமைத்தது. அகலம் ஏறக்குறைய 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறையைப் பார்த்து, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்கிறோம் என்று கணக்குப் போட்டு, நடையைக் குறைத்துக் குறைத்துச் செதுக்கியது. அந்த நகரில் மட்டும் சுமார் 10,000 வீடுகளில் வைத்தார்கள். இன்று நாம் வரையும் மேடை, அலமாரி, தொட்டி வரிசையெல்லாம் அதன் பிள்ளைகள்தான். பெண்ணின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்ற உண்மையான அக்கறையில் பிறந்த வேலை. ஆனால் அந்த 1.9 மீட்டருக்குள், சமைப்பவர் ஒருவர், தனியாகச் சமைப்பார், சாப்பிடுவது வேறு அறையில் என்று மூன்று தீர்மானங்கள் அடங்கியிருக்கின்றன. இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் முழங்கை இடிக்கும். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து நறுக்கி, பேசி, சண்டை போட்டுச் சமைக்கும் வீட்டில் அந்தத் திறமையான அறையே சிறைதான். பிற்காலப் பெண்ணியவாதிகள், பெண்ணைத் தனியாக ஓர் அறைக்குள் அடைத்துவிட்டது என்று இதையே குறை சொன்னார்கள். வடிவமைத்தவரோ, அதை வரையும்வரை தான் குடும்பம் நடத்தியதும் இல்லை, சமைத்ததும் இல்லை என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னவர்.

உடம்பும் பண்பாடும் எங்கே பிரிகின்றன என்று கோடு போட முடியாத இடமும் உண்டு. வாஷிங்டனில் உள்ள காலடெட், காது கேளாதோருக்கான பல்கலைக்கழகம். 2005 முதல் ஹான்ஸல் பாமன் என்ற கட்டடக் கலைஞர் அங்குள்ள மாணவர்கள், ஆசிரியர்களோடு உட்கார்ந்து ஒரு வடிவமைப்பு முறையை உருவாக்கினார். அதில் ஒரே ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சைகை மொழியில் பேசிக்கொண்டே இரண்டு பேர் நடக்கிறார்கள். காது கேட்கும் நாம் முன்னால் பார்த்து நடந்துகொண்டே பேசிவிடுவோம். அவர்கள் முகத்தைப் பார்த்தாக வேண்டும், கை ஆடுவதற்கு இடமும் வேண்டும். ஆகவே இருவருக்கும் நடுவில் இடைவெளி கூடுகிறது, வழக்கமான நடைக்கூடம் போதாமல் போகிறது. முன்னால் தூண் வருகிறதா என்று ஒருவருக்காக மற்றவர் பார்த்துக்கொள்கிறார். திருப்பத்தில் எதிரே ஆள் வரும் காலடிச் சத்தம் கேட்காது, அதனால் மூலையை வளைத்துவிடலாம், கண்ணாடியும் வைக்கலாம். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகம் இருட்டாகிவிடும், அப்புறம் பேச்சு புரியாது. தோலின் நிறத்திலிருந்து கை தனித்துத் தெரிய சுவருக்கு நீலமோ பச்சையோ நல்லது. எதிரொலி, காதில் கருவி வைத்தவர்களைப் படுத்தும். இவையெல்லாம் ஊனத்துக்குச் செய்த ஒட்டுவேலைகள் இல்லை, ஒரு மொழி பேசும் சமூகத்துக்கான வீடு என்பதுதான் அவர்கள் வாதம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. கூடவே ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் இல்லத்தில் பாதிப் பேருக்குக் காது மங்கியிருக்கும். முகம் தெரியும் வெளிச்சம், எதிரொலிக்காத சாப்பாட்டுக் கூடம், இரண்டும் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதுக் கண்ணுக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது என்பதையும் விளக்குகளைப் போடும்போது மறக்காதீர்கள்.

ஆனால் ஒருவருக்கு நல்லது எல்லாருக்கும் நல்லது என்று விளம்பரம் மாதிரிச் சொல்லிவிட முடியாது. நடைபாதை விளிம்பைச் சரித்துவிட்டால் சக்கர நாற்காலி சுலபமாக இறங்கும். அதே விளிம்புதான் வெள்ளைக்கோலோடு வருபவருக்கு "இங்கே சாலை தொடங்குகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. சரித்ததும் அந்தத் தகவல் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுத்தது காலுக்குத் தட்டுப்படும் புடைப்பு ஓடு. ஜப்பானில் செய்இச்சி மியாகே கண்டுபிடித்து 1967-இல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தது. அந்தப் புடைப்பு உருளும் சக்கரத்தையும், காலைத் தேய்த்து நடக்கும் முதியவரையும் தொந்தரவு செய்கிறது. ஆகவே அதன் உயரத்தைச் சுமார் 5 மில்லிமீட்டரில் நிறுத்தியிருக்கிறார்கள். காலுக்குத் தெரிய வேண்டும், தடுக்கவும் கூடாது. வேறுபாட்டுக்கு வரைவது என்பது பெரும்பாலும் இந்த 5 மில்லிமீட்டர் மாதிரிப் பேரம்தான்.

இனி பண்பாடு. இங்கே தரை கொஞ்சம் வழுக்கும். 1969-இல் ஏமஸ் ராப்போபோர்ட் என்ற கட்டடக்கலை அறிஞர் முன்வைத்த வாதம் இன்றும் அடிப்படையாகப் படிக்கப்படுகிறது: வீட்டின் வடிவத்தைத் தட்பவெப்பமும் கட்டுமானப் பொருளும் கட்டுப்படுத்துமே தவிர, தீர்மானிப்பது மக்கள் எப்படி வாழ நினைக்கிறார்கள் என்பதுதான். அமெரிக்கத் தென்மேற்கில் பியூப்லோ மக்களும் நவஹோ மக்களும் ஏறக்குறைய ஒரே வெயில், ஒரே மண்ணில் இருக்கிறவர்கள். பியூப்லோ வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, மாடி மேல் மாடியாக ஏறிய ஊர். நவஹோ மக்களின் வீடான ஹோகன் வட்டமான ஒற்றை அறை, வாசல் கிழக்கே, ஒரு குடும்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நிறைய வெட்டவெளி. வெயில் மட்டுமே வீட்டை வரைந்திருந்தால் இரண்டும் ஒன்றுபோல இருந்திருக்கும். இந்த வாதத்தை நான் ஏற்கிறேன்.

ஆனால் இதிலிருந்து "இந்த மக்களுக்கு இத்தனை அடி" என்று தாவும்போதுதான் சிக்கல். எட்வர்ட் ஹால் என்ற மானுடவியலாளர் 1960-களில் மனிதர்களுக்கிடையேயான தூரத்தை நான்கு வட்டமாகப் பிரித்தார். 45 சென்டிமீட்டர் வரை நெருக்கம், 1.2 மீட்டர் வரை தனிப்பட்டது, 3.6 மீட்டர் வரை சமூகம், அதற்கப்பால் பொது. எல்லாப் பாடப்புத்தகத்திலும் இந்த வட்டங்கள் இருக்கும். அந்த அளவுகள் அமெரிக்க வடகிழக்குக் கடற்கரையின் நடுத்தர வர்க்கத்தாரிடம் பார்த்தவை, அதை ஹாலே எழுதி வைத்திருக்கிறார். படியெடுத்தவர்கள்தான் அந்த வரியை விட்டுவிட்டார்கள். 2017-இல் 42 நாடுகளில் சுமார் 9,000 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு, தூரம் நாட்டுக்கு நாடு மாறுகிறது என்பதை உறுதி செய்தது. வயது, பாலினம், ஊரின் வெப்பம் ஆகியவற்றுக்கும் அதில் பங்கிருக்கிறது என்றது. ஆனால் அதுவும் காகிதத்தில் வரைந்த இரண்டு உருவங்களைக் காட்டி, எவ்வளவு தள்ளி நிற்பீர்கள் என்று கேட்டதுதான். நிஜத்தில் வரிசையில் நிற்கும் உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். வேறுபாடு இருக்கிறது என்பது உறுதி. அதை வைத்து நாற்காலிக்கு நடுவே இடைவெளியைக் கணக்கிடுவது ஜோசியம்.

குளிரூட்டலிலும் இதே கதை. அலுவலக வெப்பநிலைக் கணக்கில் உடல் வெளியிடும் சூடு நாற்பது வயது, எழுபது கிலோ ஆணுடையது, பெண்களின் சூட்டை அது 35 விழுக்காடு வரை கூட்டிக் காட்டுகிறது என்று 2015-இல் ஒரு கட்டுரை வந்து உலகமெங்கும் செய்தியானது. கேள்வி நியாயமானது. ஆனால் அதில் அளக்கப்பட்ட பெண்கள் 16 பேர், எல்லாரும் இளவயதினர். உங்கள் இல்லத்துக்கு இதிலிருந்து எடுக்கக்கூடியது ஒன்றுதான்: ஒவ்வொரு அறைக்கும் தனிச் சுவிட்சு.

பண்பாட்டை மதித்தே செய்து, அப்படியும் காலியாகக் கிடந்த ஊரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எகிப்தில் லக்சர் நகருக்கு எதிர்க்கரையில், பழைய கல்லறைகளின் மேல் வீடு கட்டி வாழ்ந்த கூர்னா மக்களை இடம் மாற்ற அரசு முடிவு செய்தது. 1945-இல் புதிய ஊரை வடிவமைக்கும் பொறுப்பு ஹசன் ஃபாத்தியிடம் வந்தது. கான்கிரீட் பெட்டிகளை அவர் கட்டவில்லை. மண் செங்கல், முற்றம், காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் காற்றுப்பொறி, ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டு வரைந்த வீடு. கவிகை, அதாவது வளைந்த மண் கூரை, கட்டத் தெரிந்த நூபியக் கொத்தனார்களைத் தெற்கே அஸ்வானிலிருந்து வரவழைத்தார். புகைப்படத்தில் இன்றும் மயங்க வைக்கும் ஊர். பெரும்பாலான கூர்னாக்காரர்கள் குடிபோகவில்லை, திட்டமும் பாதியில் நின்றது. ஏன் என்பதில்தான் பல பதில்கள். கவிகை அந்த மக்களுக்கு வீட்டை நினைவூட்டவில்லை, சமாதியைத்தான் நினைவூட்டியது என்பது அடிக்கடி சொல்லப்படும் காரணம். கேட்க அழகான காரணம், கட்டடக்கலை வகுப்பில் நன்றாக எடுபடும். ஆனால் அவர்களின் பிழைப்பே அந்தக் கல்லறைகளையும் அங்கு வரும் பயணிகளையும் நம்பித்தான் இருந்தது, போகச் சொன்னதும் அவர்கள் விருப்பத்தைக் கேட்டு இல்லை. கூரையை வட்டமாகப் போட்டிருந்தாலும் தட்டையாகப் போட்டிருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்பது என் ஊகம். நூபியரின் மரபைக் கொண்டுவந்து கூர்னாக்காரருக்கு "உங்கள் மரபு" என்று கொடுத்தது மட்டும் உறுதி. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒரே மண் வீடாகத் தெரிகிறது.

பண்பாடு என்ற சொல் பழி போடவும் உதவும், அதையும் கவனியுங்கள். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் வீடுகள் சீக்கிரம் பாழாவதற்கு, வீட்டில் இருக்கத் தெரியாத பண்பாடுதான் காரணம் என்று நெடுங்காலம் பேசினார்கள். பால் ஃபலேரோஸ் என்ற கட்டடக் கலைஞரும் அவர் குழுவினரும் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்துப் பதிவு செய்தார்கள். குடியிருப்பவர் உடைத்தது பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. மீதியெல்லாம் பராமரிப்பு இல்லாததும், கட்டும்போதே ஒழுங்காகக் கட்டாததும். தண்ணீர் வராத குழாய்க்குப் பண்பாட்டு விளக்கம் தேவைப்படவில்லை, ஒரு பிளம்பர் தேவைப்பட்டார்.

இன்னொரு பொறி, ஒரு பண்பாட்டுக்காரர் எல்லாரும் ஒன்று என்று நினைப்பது. வியன்னா நகராட்சி 1990-களில் பூங்காக்களைக் கவனித்தபோது, ஒன்பது பத்து வயதுக்கு மேல் பெண்பிள்ளைகள் அங்கே வருவது குறைந்துவிடுவது தெரிந்தது. அதே ஊர், அதே மொழி, அதே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பிகள் மட்டும் தொடர்ந்து வந்தார்கள். பெரிய ஒற்றை மைதானத்தைப் பந்தோடு வந்த பையன்கள் பிடித்துக்கொண்டார்கள், பெண்கள் போட்டிக்குப் போகாமல் ஒதுங்கிவிட்டார்கள். மைதானத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, வாசல்களின் எண்ணிக்கையைக் கூட்டி, வேறு விளையாட்டுகளுக்கும் இடம் கொடுத்ததும் திரும்பி வந்தார்கள். உங்கள் அறுபது பேரையும் மதவாரியாகப் பிரிக்கும் முன், ஆண் பெண், நடப்பவர் நடக்காதவர், தூக்கம் வருபவர் வராதவர் என்று பிரித்துப் பாருங்கள். சமையலறையையும் வழிபாட்டு மூலையையும் தவிர்த்தால், இந்தப் பிரிவுகள்தான் வரைபடத்தை அதிகம் மாற்றும்.

நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் ஹோகவெய்க் என்ற மறதிநோய்க் குடியிருப்பு இருக்கிறது, உங்கள் வழிகாட்டி கட்டாயம் அதைக் கேட்பார். நகர வாழ்க்கை, கைவினைத் தொழில், இந்தோனேசியத் தொடர்பு என்று ஏழு வாழ்க்கைமுறைகளாக வீடுகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அறைகலனும் சாப்பாடும் இசையும் தனியாக வைத்தார்கள். நல்ல யோசனை. ஆனால் வருடங்கள் போகப் போக வருகிற முதியவர்கள் மாறினார்கள், ஏழு நான்காகிவிட்டது. சுவரில் ஏற்றிவிட்ட பண்பாட்டை மாற்றுவது கடினம், அறைகலனில் வைத்ததை மாற்றலாம். அவர்களால் மாற்ற முடிந்தது.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம், பெயர் வேண்டாம். வரிசையாக இரும்பு நாற்காலிகள், தரையோடு போல்ட் போட்டு, எல்லாம் எண்பலகையைப் பார்த்து. சுத்தம் செய்ய வசதி, எண்ணிக்கை சரி, நிர்வாகத்துக்கும் திருப்தி. திறந்து நான்கு மாதம் கழித்துப் போய் ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்தேன். நாற்காலிகள் பாதி காலி, பக்கத்து மாடிப்படியில் கூட்டம். மேல் படியில் ஒரு பாட்டி, கீழ் படியில் மகளும் பேரனும், நடுவில் ரிப்போர்ட் கோப்பு விரித்துக் கிடந்தது. படியில் உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். நான் போட்ட நாற்காலியில் மூன்று பேர் பேச வேண்டுமென்றால் நடுவில் இருப்பவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளி தனியாக வருவார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானே முடிவு செய்திருந்தேன். வேறு ஒரு கண்டத்தில், கனடாவின் சஸ்காட்சுவானில், 1950-களின் இறுதியில் ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் ஒரு முதியோர் வார்டில் இதையே ஆராய்ந்திருக்கிறார் என்பதைப் பிறகுதான் படித்தேன். சுவரோரமாக வரிசையாக இருந்த நாற்காலிகளைச் சின்ன மேசைகளைச் சுற்றிப் போட்டதும் பேச்சு ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆனால் ஆரம்பத்தில் நாற்காலிகள் திரும்பத் திரும்பச் சுவருக்கே போய்ச் சேர்ந்தன. கூட்டுகிறவர்களுக்கு அதுதான் வசதி, அங்கிருந்த முதியவர்களுக்கும் அதுதான் பழகியிருந்தது. துப்புரவு ஊழியர்களுக்கும் ஒரு பண்பாடு உண்டு, அவர்களைக் கேட்காமல் வரைந்தால் அவர்கள் ஒரே வாரத்தில் உங்கள் வடிவமைப்பைத் திருத்திவிடுவார்கள்.

அதனால் இப்போது நான் செய்வது இவ்வளவுதான். "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன், அதற்கு எல்லாரும் பத்திரிகையில் பார்த்த பதிலைச் சொல்கிறார்கள். நேற்று காலை எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், யார் வந்தார்கள், எப்போது கதவைச் சாத்தினீர்கள் என்று கேட்கிறேன். வரைபடத்தில் ஒவ்வோர் அளவின் பக்கத்திலும் அது யாரை வைத்து வந்தது என்று பென்சிலால் எழுதுகிறேன். சக்கர நாற்காலி திரும்பும் 1,500 மில்லிமீட்டர் வட்டம், சாய்தளத்துக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று சாய்வு, இவற்றில் பேரம் இல்லை. பின்னால் ஆள் தள்ளிக்கொண்டு வந்தால் அந்த வட்டமும் போதாது, கூட்டித்தான் கொடுக்க வேண்டும். தெரியாத இடத்தில் முடிவைக் குடியிருப்பவர் கையில் விடுகிறேன்: நகரும் நாற்காலி, பிறகு எடுத்துவிடக்கூடிய தடுப்பு, சுவரில் ஆணி அடிக்க அனுமதி. சிலியின் இக்கிக்கே நகரில் கட்டடக் கலைஞர் அலெஹாந்திரோ அரவேனாவின் குழு இதையே பெரிய அளவில் செய்தது. கையிருந்த பணத்தில் பாதி வீட்டைக் கட்டி, மறுபாதியைக் குடும்பங்களே கட்டிக்கொள்ள இடம் விட்டார்கள், அவர்களும் கட்டிக்கொண்டார்கள். ஆனால் எண்பது வயதுக்காரர் சுவர் எழுப்பப் போவதில்லை. உங்கள் திட்டத்தில் விட வேண்டிய பாதி அலமாரி அளவுக்கு, ஜன்னல் திண்டு அளவுக்குச் சிறியது. தான் கொண்டுவந்த ஒரு நாற்காலி, ஒரு பெட்டி, நான்கு படங்கள் வைக்க இடம் இருந்தால் அறை அவருடையதாகிவிடும், அவர் எந்தப் பண்பாட்டுக்காரர் என்று நீங்கள் ஊகிக்கவும் வேண்டாம்.

அடுத்த முறை வழிகாட்டியைப் பார்க்கும் முன் ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துக்கு இரவு நேரத்தில் போங்கள். பகலில் நிர்வாகி சுற்றிக் காட்டுவார், இரவில் பணியாளர் உண்மையைச் சொல்வார். எனக்கு அப்படி ஒரு அம்மா சொன்னதுதான்: "கழிவறைக் கதவு உள்பக்கம் திறக்குது சார். உள்ளே விழுந்தவங்க கதவுமேலேயே சாஞ்சு கிடப்பாங்க. நான் எப்படித் தள்ளுறது?" அன்றிரவே ஆறு கதவுகளின் வளைவை வரைபடத்தில் வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்டேன். உங்கள் வரைபடத்தில் இன்னும் உள்ளேதான் திறக்கிறதா என்று பாருங்கள்.